ஃபயர்வால் லாக் 90 நாள், டிஎச்சிபி லாக் 7 நாள்: எதை எவ்வளவு காலம் வைப்பது?

வட்டு_நிறைந்தது கேட்டது:

வணக்கம். சுமார் 120 லினக்ஸ் சர்வர், 3 டொமைன் கன்ட்ரோலர் (பயனர் கணக்குகளைச் சரிபார்க்கும் விண்டோஸ் சர்வர்), 400 விண்டோஸ் டெஸ்க்டாப், 2 ஃபயர்வால், ஒரு விபிஎன் கேட்வே. டெஸ்க்டாப் தவிர மற்றவற்றின் லாக் (நடந்ததைப் பதியும் வரிகள்) எல்லாம் ஒரே ஒரு லாக் சர்வருக்கு யுடிபி 514 வழியாக (கிடைத்ததா என்று உறுதி கேட்காத நெறிமுறை, 514-ஆம் போர்ட்) வருகின்றன. அதில் இருப்பது 4 டிபி டிஸ்க். ஃபயர்வால் லாக் 90 நாள் வரை இருக்கிறது. டிஎச்சிபி (கணினிகளுக்கு ஐபி முகவரி கொடுக்கும் சேவை) லாக் 7 நாள்தான். மற்றவை ரொட்டேஷனில் (பழைய கோப்பைத் தானாகக் கழிக்கும் சுழற்சியில்) எது எப்போது போகிறது என்று சரியாகத் தெரியவில்லை. டிஸ்க் நிறைந்தால் பழையதை எடுத்துக் கையால் அழிப்பதுதான் இப்போதைய நடைமுறை.

மேலிடத்திலிருந்து "எல்லா லாக்கையும் 7 வருடம் வையுங்கள்" என்று சொல்கிறார்கள். சராசரியாக விநாடிக்கு 800 வரி வருகிறது, ஒரு வரி சுமார் 400 பைட். என் கேள்விகள் மூன்று:

எதை எவ்வளவு நாள் வைப்பது? அதற்கு எவ்வளவு இடம் வேண்டும்? வந்து சேர வேண்டியது எல்லாம் உண்மையிலேயே வந்து சேர்கிறதா என்று எப்படிப் பார்ப்பது?

---

நேரமுத்திரை பதில்:

முதலில் கணக்கை முடித்துவிடலாம், அது எளிது. 800 × 400 = 3,20,000 பைட் விநாடிக்கு. ஒரு நாளுக்கு 86,400 விநாடி. ஆக நாளொன்றுக்கு 27.6 ஜிபி. இதைச் சுருக்காமல் 90 நாள் வைத்தால் 2.5 டிபி. தேடுவதற்கு எலாஸ்டிக்சர்ச் போன்ற ஒரு தேடுபொறியில் ஏற்றி, ஒரு பிரதியும் வைத்தால் தோராயமாக 5 டிபி. டிஸ்க் 85 சதவீதம் தாண்டினால் எலாஸ்டிக்சர்ச் அந்த நோடில் (சர்வரில்) புதிய ஷார்ட் (இண்டெக்ஸ் என்னும் தேடல் தரவின் ஒரு துண்டு) வைப்பதை நிறுத்தும், 90-ல் இருப்பதை வேறிடம் நகர்த்தப் பார்க்கும், 95-ல் இண்டெக்ஸில் எழுதுவதையே தடுத்துவிடும். அதனால் 5 டிபி தரவுக்கு 6 டிபி குறைந்தபட்சம். வளர்ச்சியையும் சேர்த்து 7 என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் 4 டிபி ஏன் அடிக்கடி மூச்சுத் திணறுகிறது என்பது இதிலேயே தெரிந்துவிடும்.

இப்போது 7 வருடம். லாக் வரிகள் ஒரே மாதிரி திரும்பத் திரும்ப வருவதால் நன்றாகச் சுருங்கும். எட்டில் ஒரு பங்கு என்று எடுத்துக்கொண்டால் நாளுக்கு 3.46 ஜிபி, வருடத்துக்கு 1.26 டிபி, 7 வருடத்துக்கு 8.8 டிபி. (உங்கள் லாக் எவ்வளவு சுருங்கும் என்பதை ஒரு வாரத் தரவை எடுத்துச் சுருக்கிப் பார்த்துவிடுங்கள். மாதக் கடைசி வேலைகள் அந்த வாரத்தில் வந்தால் இன்னும் நல்லது.) ஆக, எல்லாவற்றையும் 7 வருடம் வைக்க இடம் ஒரு தடையே இல்லை. மேலிடத்திடம் "இடம் போதாது" என்று வாதிட்டால் ஒரு டிஸ்க் வாங்கிக் கொடுத்து வாயை அடைத்துவிடுவார்கள். வைக்கக் கூடாது என்பதற்குக் காரணம் வேறு: யார் எந்தத் தளத்துக்குப் போனார், எத்தனை மணிக்கு உள்ளே வந்தார் என்பதெல்லாம் தனிமனிதர் தரவு. எதற்காக வைத்திருக்கிறோம் என்று சொல்ல முடியாத தரவை 7 வருடம் சுமப்பது, திருடுபோனால் நம் தலையில் விழும் பொறுப்பு. 7 வருடம் என்பது பெரும்பாலும் கணக்குப் புத்தகங்களுக்கான விதியிலிருந்து வந்திருக்கும். அப்படியானால் பணப் பரிமாற்றத்தில் யார் எதை மாற்றினார், யார் ஒப்புதல் கொடுத்தார் என்ற தணிக்கைப் பதிவுக்கு மட்டும் அது பொருந்தும். வெப் சர்வரின் அணுகல் லாக்குக்குப் பொருந்தாது. எந்த விதி, எந்தப் பிரிவு என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

தலைப்பிலேயே நீங்கள் எழுதியிருப்பதுதான் எனக்குப் பெரிய ஓட்டையாகப் படுகிறது. ஃபயர்வால் லாக் 90 நாள் இருக்கிறது, ஆனால் அதில் இருப்பது வெறும் ஐபி முகவரி. 60 நாளுக்கு முன் அந்த முகவரி எந்தக் கணினியிடம் இருந்தது என்று சொல்வது டிஎச்சிபி லாக். விண்டோஸ் டிஎச்சிபி சர்வர் தன் தணிக்கைக் கோப்புக்குக் கிழமையின் பெயரை வைக்கும். அடுத்த வாரம் அதே கிழமை வந்ததும் பழையதன் மேல் எழுதிவிடும். அதாவது 7 நாள்தான் ஆயுள். எட்டாம் நாளிலிருந்து உங்கள் ஃபயர்வால் லாக் பாதிக் குருடு.

அதனால் ஒவ்வொரு லாக்குக்கும் தனித்தனியாக நாள் குறிக்காதீர்கள். சேர்த்துப் படிக்க வேண்டியவற்றை ஒரு கட்டாகக் கட்டி, கட்டுக்கு ஒரு காலம் வையுங்கள்:

ஃபயர்வால், என்ஏடி (உள் முகவரிகளை ஒரே வெளி முகவரியாக மாற்றுவது), டிஎச்சிபி, விபிஎன், டிஎன்எஸ் (தளப் பெயரை முகவரியாக மாற்றுவது) ஒரு கட்டு. இவை ஐந்தும் சேர்ந்தால்தான் "இந்த நேரத்தில் இந்த முகவரிக்குப் பேசியது யார்" என்ற கேள்விக்குப் பதில் வரும். என்ஏடி லாக்கில் போர்ட் எண்ணும் இருக்கிறதா பாருங்கள். வெளியே ஒரே முகவரியை நூறு பேர் பகிர்ந்துகொள்ளும்போது போர்ட் இல்லாத வரி எதற்கும் உதவாது. டிஎச்சிபியை மட்டும் மற்றவற்றைவிட ஒரு லீஸ் காலம் (ஒரு முகவரி ஒரு கணினிக்குக் கொடுக்கப்படும் காலம்) கூடுதலாக வையுங்கள். விண்டோஸில் இயல்பான லீஸ் 8 நாள். காலக்கெடுவின் முதல் நாளில் புழக்கத்தில் இருந்த முகவரி அதற்கும் முன்பே கொடுக்கப்பட்டிருக்கலாம்.

உள்நுழைவு, கணக்கு உருவாக்கம், குழு மாற்றம், சூடோ (லினக்ஸில் அட்மின் உரிமையோடு கட்டளை ஓட்டுவது), அட்மின் செயல்கள் இன்னொரு கட்டு. அளவில் சிறியது, மதிப்பில் பெரியது. இதை நீண்ட காலம் வைப்பதில் தவறில்லை.

அப்ளிகேஷனின் டீபக் லாக் (பிழை தேடுவதற்கான விரிவான வரிகள்) 7 முதல் 14 நாள் போதும். அதற்கு மேல் யாரும் அதைத் திறப்பதில்லை. மூன்றில் அதிகம் இடம் தின்பதும் அதுதான்.

எண் வேண்டுமானால், கார்டு பணப் பரிமாற்றத்துக்கான பிசிஐ டிஎஸ்எஸ் தரநிலை தணிக்கை லாக்கை 12 மாதம் வைக்கச் சொல்கிறது, அதில் கடைசி 3 மாதம் உடனே தேடக்கூடிய நிலையில் இருக்க வேண்டும் என்கிறது. கார்டு விவரத்தைத் தொடாத நிறுவனங்களுக்கும் முதல் இரண்டு கட்டுகளுக்கு இது நல்ல தொடக்கப் புள்ளி. 90 நாள் தேடுபொறியில், மீதி சுருக்கிய கோப்பாக.

---

டெயில்_எஃப் பதில்:

மூணாவது கேள்விக்கு நான் வர்றேன். யுடிபில வந்து சேருதான்னு பார்க்க வழியே இல்ல, அதுதான் பதில். அனுப்புறவனுக்குத் தெரியாது, வாங்குறவனுக்கும் தெரியாது. குறைஞ்சபட்சம் லாக் சர்வர்ல கர்னலோட யுடிபி ரிசீவ் பஃபர் எரர் கவுண்ட்டர் ஏறுதான்னு பாருங்க. ஏறுச்சுன்னா வாசல் வரைக்கும் வந்ததையே தவறவிடுறீங்கன்னு அர்த்தம். இது பொதுவா ஏதாவது பிரச்சினை நடக்கிற நேரத்துலதான் ஏறும், அதாவது லாக் எப்ப ரொம்பத் தேவையோ அப்ப.

டிசிபிக்கு (கிடைச்சதான்னு உறுதி கேட்கிற நெறிமுறை) மாறுங்க, டிஎல்எஸ் மறையாக்கம் போட்டு 6514 போர்ட்ல. ஃபயர்வால் மாதிரி யுடிபி மட்டுமே தெரிஞ்ச சாதனம் இருந்தா, அதுக்குப் பக்கத்துலயே ஒரு சின்ன ரிலே (லாக்கை வாங்கி அனுப்புற இடைச் சர்வர்) வச்சு அங்கிருந்து டிசிபி. ஆனா டிசிபின்னா தொலையாதுன்னு நினைச்சுடாதீங்க. இணைப்பு அறுந்த நேரத்துல சாக்கெட் பஃபர்ல இருந்ததெல்லாம் போயிடும், ஆர்சிஸ்லாக் (லினக்ஸ்ல லாக்கை அனுப்புற புரோகிராம்) அதை அனுப்பியாச்சுன்னே கணக்கு வச்சிருக்கும். உள்நுழைவுக் கட்டுக்காவது ரெல்ப் நெறிமுறை பயன்படுத்துங்க. அதுல வாங்குன பக்கம் ஒவ்வொண்ணுக்கும் கிடைச்சதுன்னு பதில் சொல்லும்.

அடுத்து ஆர்சிஸ்லாக் கியூ, அதாவது அனுப்பக் காத்திருக்கிற வரிகளோட வரிசை. இதுல எல்லாரும் மாட்டுற இடம் ரெண்டு.

ஒண்ணு: சர்வர் கிடைக்கலன்னா எத்தனை தடவை திரும்ப முயற்சிக்கணும்ங்கிற அமைப்போட இயல்பு மதிப்பு 0. லாக் சர்வரை ரீபூட் பண்ற அஞ்சு நிமிஷத்துல வந்த வரிகள் போச்சு. அதை -1 ஆக்குங்க, அதாவது முடிவில்லாம முயற்சி.

ரெண்டு: -1 ஆக்கிட்டு அதோட விட்டீங்கன்னா முதல்ல இருந்ததைவிட மோசம். லாக் சர்வர் படுத்துச்சுன்னா மெயின் கியூ நிரம்பும், ஆர்சிஸ்லாக் வாங்குறதை நிறுத்தும், லாக் எழுத முயற்சி பண்ற எல்லா புரோகிராமும் அப்படியே நிக்கும். சூடோ நிக்கும், எஸ்எஸ்எச் (தூரத்துலேர்ந்து லாகின் பண்றது) நிக்கும். லாக் சர்வர் ஒண்ணு விழுந்ததுக்கு 120 சர்வர்லயும் லாகின் பண்ண முடியாத நிலைமை. அதனால அனுப்புற ஆக்‌ஷனுக்குன்னு தனி கியூ கொடுங்க: லிங்க்டு லிஸ்ட் வகை, கியூவுக்கு ஒரு கோப்புப் பேர் (பேர் கொடுத்தாத்தான் டிஸ்க்ல வழியும், கொடுக்கலன்னா மெமரி மட்டும்), டிஸ்க் உச்சவரம்பு 2 ஜிபி மாதிரி, ஷட்டவுன் நேரத்துல சேமிக்கிறது ஆன். சாதாரண சர்வர் ஒண்ணு விநாடிக்கு 5 வரி அனுப்புதுன்னா 2 ஜிபி பல நாளுக்குத் தாங்கும்.

கியூ போட்டாச்சுன்னா சோதிச்சுப் பாருங்க. லாக் சர்வர் போர்ட்டை அரை மணி நேரம் அடைச்சு வச்சுட்டு, ஒரு சர்வர்லேர்ந்து 1 முதல் 10,000 வரை எண் போட்ட வரிகளை அனுப்புங்க, திறந்து விடுங்க, அந்தப் பக்கம் எண்ணுங்க. எந்த எண் விட்டுப்போச்சுன்னு கண்ணுக்குத் தெரியும்.

ஜர்னல்டியும் (லினக்ஸ் சர்வர்லயே லாக் சேகரிக்கிற புரோகிராம்) சத்தமில்லாம வெட்டும். ஒரு சர்வீஸ் 30 விநாடிக்குள்ள 10,000 வரிக்கு மேல எழுதுனா மீதியைத் தூக்கிப் போட்டுட்டு, இத்தனை அடக்கப்பட்டதுன்னு ஒரே ஒரு வரி எழுதும். அந்த வரிக்கே ஒரு அலர்ட் வைங்க. அப்புறம் ஜர்னல் டைரக்டரி டிஸ்க்ல இல்லன்னா பல பதிப்புகளோட இயல்பு அமைப்புல எல்லாம் மெமரிலதான், ரீபூட் ஆனா காலி.

லாக்ரொட்டேட்ல (லாக் கோப்பைச் சுழற்றுற கருவி) "நகலெடுத்து வெட்டு" முறையைத் தவிருங்க. நகலெடுக்கிறதுக்கும் வெட்டுறதுக்கும் நடுவுல வந்த வரி காணாமப் போகும். பேர் மாத்திட்டுப் புதுசா உருவாக்கு, அப்புறம் அந்த சர்வீஸுக்கு சிக்னல் கொடு, அதுதான் சரி. சிக்னல் கொடுக்க மறந்தா என்ன ஆகும்? அழிச்ச கோப்பையே அது பிடிச்சுக்கிட்டு எழுதிக்கிட்டு இருக்கும். டிஎஃப் (டிஸ்க்ல மொத்த இடத்தைப் பார்க்கிற கட்டளை) டிஸ்க் நிறைஞ்சிருச்சுன்னு சொல்லும், டியூ (கோப்புகளோட அளவைக் கூட்டுற கட்டளை) ஒண்ணுமே இல்லன்னு சொல்லும். நீங்க கையால அழிக்கிறப்பவும் இது நடந்திருக்க வாய்ப்பு அதிகம். எல்எஸ்ஓஎஃப் கட்டளை போட்டு, அழிக்கப்பட்டும் திறந்திருக்கிற கோப்பு எதுன்னு பாருங்க.

---

வட்டு_நிறைந்தது:

மிக்க நன்றி. டிஎஃப், டியூ வித்தியாசம் இப்போதே பார்த்தேன், 300 ஜிபிக்கு மேல் வருகிறது!

டெஸ்க்டாப் 400-லிருந்தும் லாக் எடுக்க வேண்டுமா? டொமைன் கன்ட்ரோலர் லாக்கில் எல்லா உள்நுழைவும் வந்துவிடுமே?

---

நிகழ்வு_1102 பதில்:

வராது. டொமைன் கன்ட்ரோலரில் பதிவாவது சான்று சரிபார்ப்பு (இங்கே வரும் எண்கள் விண்டோஸ் நிகழ்வு எண்கள்; கெர்பரோஸ், என்டிஎல்எம் இரண்டும் சரிபார்ப்பு முறைகள்): கெர்பரோஸ் என்றால் 4768, 4769, தோல்வி 4771, என்டிஎல்எம் என்றால் 4776. உள்நுழைவு என்ற 4624, தோல்வியான 4625 இரண்டும் எந்தக் கணினியில் நுழைகிறார்களோ அந்தக் கணினியில்தான் பதிவாகும். டெஸ்க்டாப்பின் உள்ளூர் அட்மின் கணக்கில் ஒருவர் நுழைந்தால் டொமைன் கன்ட்ரோலருக்கு அந்த விஷயமே தெரியாது. ஒரு கணினியிலிருந்து அடுத்த கணினிக்குத் தாவுபவர்கள் நாடுவதும் பெரும்பாலும் அந்தக் கணக்கைத்தான்.

400 கணினியிலும் ஏஜென்ட் (லாக் அனுப்பும் தனி மென்பொருள்) போட வேண்டியதில்லை. விண்டோஸிலேயே ஈவென்ட் ஃபார்வர்டிங் இருக்கிறது. குரூப் பாலிசியில் (எல்லாக் கணினிக்கும் பொதுவான அமைப்பில்) கலெக்டரின் (நிகழ்வுகளைச் சேகரிக்கும் சர்வரின்) முகவரி கொடுத்தால் போதும், 5985 போர்ட்டில் தானாக அனுப்பும். டொமைனுக்குள் கெர்பரோஸ் வழியாக மறையாக்கம் நடந்துவிடும். கவனிக்க வேண்டியவை:

செக்யூரிட்டி லாக் மட்டும் வராமல் மற்றவை வந்தால், அந்தக் கணினிகளில் நெட்வொர்க் சர்வீஸ் கணக்கை ஈவென்ட் லாக் ரீடர்ஸ் குழுவில் சேர்க்கவில்லை என்று பொருள். பத்தில் ஒன்பது முறை இதுதான்.

சப்ஸ்கிரிப்ஷன் (எதை எடுப்பது என்ற கலெக்டர் அமைப்பு) "நார்மல்" முறையில் இருந்தால் 15 நிமிடம் வரை தாமதமாகும். "மினிமைஸ் லேட்டன்சி" வைத்தால் 30 விநாடி.

செக்யூரிட்டி லாக்கின் இயல்பு அளவு சிறியது. வேலை அதிகமுள்ள டொமைன் கன்ட்ரோலரில் இது சில மணி நேரத்திலேயே சுற்றி வந்துவிடும். கலெக்டர் ஒரு வார இறுதி முழுக்கக் கீழே கிடந்தாலும் தாங்கும் அளவுக்கு உயர்த்துங்கள்: டொமைன் கன்ட்ரோலரில் 2 முதல் 4 ஜிபி, டெஸ்க்டாப்பில் 256 எம்பி. கலெக்டரில் ஃபார்வர்டட் ஈவென்ட்ஸ் லாக்கின் அளவையும் சேர்த்தே கூட்டுங்கள், அதை எல்லோரும் மறப்பார்கள். "மேலே எழுதாதே" என்ற விருப்பத்தை மட்டும் தொடாதீர்கள். லாக் நிரம்பியதும் புதியது எதுவும் பதிவாகாது.

எடுக்க வேண்டியவை: 4624, 4625, 4740 கணக்குப் பூட்டு, 4720 புதிய கணக்கு, 4728 மற்றும் 4732 குழுவில் சேர்ப்பு, 4719 தணிக்கைக் கொள்கை மாற்றம், சிஸ்டம் லாக்கிலிருந்து 7045 புதிய சர்வீஸ், அப்புறம் என் பெயரில் இருக்கும் 1102, அதாவது செக்யூரிட்டி லாக் அழிக்கப்பட்டது. 4688 புரோசஸ் தொடக்கத்தையும் எடுத்துவிடுங்கள், கட்டளை வரியோடு. அதற்குத் தனியாக ஒரு பாலிசி ஆன் செய்ய வேண்டும். 5156-ஐ விட்டுவிடுங்கள், அனுமதித்த ஒவ்வொரு இணைப்புக்கும் ஒரு வரி எழுதும். உங்களிடம்தான் ஃபயர்வால் லாக் இருக்கிறதே.

---

நேரமுத்திரை:

மேலே சொன்னதில் 4688 கட்டளை வரி விஷயத்தில் மட்டும் எனக்கு உடன்பாடில்லை. பயனுள்ளதுதான், மறுக்கவில்லை. ஆனால் கட்டளை வரியிலேயே பாஸ்வேர்டைக் கொடுக்கும் ஸ்கிரிப்ட்கள் எல்லா இடத்திலும் உண்டு. ஆன் செய்த அன்றே அந்த பாஸ்வேர்டுகள் எல்லாம் லாக் சர்வருக்கு வந்து, ஆர்க்கைவ் வரை போய் உட்கார்ந்துவிடும். முதலில் 20 கணினிகளில் இரண்டு வாரம் ஓட்டி, என்ன வருகிறது என்று தேடிப் பாருங்கள், ஸ்கிரிப்ட்களைத் திருத்துங்கள், பிறகு விரியுங்கள்.

இதே ஆபத்து 4625-இலும் இருக்கிறது. பயனர் பெயர்க் கட்டத்தில் அவசரத்தில் பாஸ்வேர்டைத் தட்டிவிடுவார்கள், அது பயனர் பெயராகவே பதிவாகும். அடுத்த வரியிலேயே சரியான பெயரோடு வெற்றிகரமான உள்நுழைவும் இருக்கும். லினக்ஸ் எஸ்எஸ்எச் லாக்கிலும் இதே கதை. யுஆர்எல் உள்ளே டோக்கன் வைக்கும் வெப் அப்ளிகேஷன்கள் தனி. ஆகவே லாக் சர்வரைப் படிக்கும் அனுமதியை பாஸ்வேர்டு கிடங்குக்குக் கொடுப்பதுபோல் யோசித்துக் கொடுங்கள்.

---

நிகழ்வு_1102:

ஒப்புக்கொள்கிறேன், சோதனை ஓட்டம் முதலில்.

---

பூட்டிய_பெட்டி பதில்:

ஆர்க்கைவ் பற்றி யாரும் தொடவில்லை.

தேடுபொறியின் ஸ்னாப்ஷாட்டையே (அந்த நேரத் தரவின் நகலையே) நீண்டகால ஆர்க்கைவாக நினைக்காதீர்கள். எலாஸ்டிக்சர்ச் பொதுவாகத் தனக்கு முந்தைய ஒரு பெரிய பதிப்பில் உருவான இண்டெக்ஸ் வரைதான் நேரடியாகத் திறக்கும். இரண்டு மூன்று பதிப்பு கடந்தபின் பழைய ஸ்னாப்ஷாட்டைத் திறப்பது தனி வேலையாகிவிடும். லாக் சர்வருக்கு வந்த மூல வரிகளை அப்படியே ஒரு நாளுக்கு, ஒரு வகைக்கு ஒரு கோப்பு என்று ஜிஜிப் அல்லது இசட்ஸ்டாண்டர்டில் சுருக்கி வையுங்கள். எந்தக் காலத்திலும் திறக்கும். சர்வருக்கு ஒன்று, மணிக்கு ஒன்று என்று பிரித்தால் 120 × 24, நாளுக்கு 2,880 குட்டிக் கோப்புகள். மலிவான குளிர் சேமிப்பில் அது தலைவலி.

தினமும் கோப்புகளின் எஸ்எச்ஏ-256 ஹேஷ் (கோப்பு மாறினால் மாறிவிடும் கைரேகை போன்ற எண்) பட்டியலை எடுத்து, லாக் சர்வர் அட்மினுக்கு எழுத அனுமதி இல்லாத வேறொரு இடத்தில் வையுங்கள். அதே அட்மினே மாற்றக்கூடிய இடத்தில் ஹேஷ் இருந்தால் அதற்கு மதிப்பில்லை. ஆப்ஜெக்ட் லாக் (இங்கே லாக் என்றால் பூட்டு, குறித்த காலம் வரை அழிக்க விடாது) உள்ள சேமிப்பு கிடைத்தால் அதையே பயன்படுத்தலாம். ஆனால் கம்ப்ளையன்ஸ் முறையைத் தேர்ந்தால், வைத்த காலம் முடியும்வரை கணக்கின் உரிமையாளரே நினைத்தாலும் அழிக்க முடியாது. 365 என்பதற்குப் பதில் 3,650 என்று தட்டிவிட்டால் பத்து வருடம் பணம் கட்ட வேண்டியதுதான். முதலில் 1 நாள் வைத்துச் சோதியுங்கள்.

அழிப்பதும் வைப்பதைப் போலவே சரியாக நடக்க வேண்டும். மூன்று இடங்களில் அது தவறும்:

கோப்பின் மாற்ற நேரத்தைப் பார்த்து அழிக்கும் ஸ்கிரிப்ட். ஆர்க்கைவைப் புது டிஸ்குக்கு நகலெடுத்த அன்று எல்லாக் கோப்புக்கும் வயது பூஜ்யம் ஆகிவிடலாம். தேதியைக் கோப்புப் பெயரில் வைத்து அதைப் பார்த்து அழியுங்கள்.

எலாஸ்டிக்சர்ச் ஆயுட்காலக் கொள்கையில் 90 நாள் என்பது இண்டெக்ஸ் உருவான நாளிலிருந்து எண்ணப்படுவதில்லை, ரோல்ஓவர் (எழுதுவதை அடுத்த புது இண்டெக்ஸுக்கு மாற்றுவது) ஆன நாளிலிருந்து. 30 நாளுக்கு ஒருமுறை ரோல்ஓவர் என்றால் முதல் நாள் வரி 120 நாள் வரை கிடக்கும். தினசரி ரோல்ஓவர் வைத்தால் வித்தியாசம் ஒரு நாள்தான். உங்கள் அளவில் நாளுக்கு 27 ஜிபி என்பது ஒரு ஷார்டுக்கும் பொருத்தமான அளவு.

லாக் சர்வரின் பேக்கப். மூலத்தில் அழித்தாலும் பேக்கப்பில் வருடக்கணக்காக இருக்கும். பேக்கப்பின் காலத்தையும் கொள்கையில் எழுதுங்கள்.

விசாரணையோ வழக்கோ தொடங்கினால் அந்தக் காலகட்டத்தின் கோப்புகளைத் தனி இடத்துக்கு ஹேஷோடு நகலெடுத்து, அழிப்பிலிருந்து விலக்குங்கள். யார் சொன்னால் விலக்கு, யார் சொன்னால் விடுவிப்பு என்று இரண்டு பெயரும் எழுத்தில் இருக்கட்டும். விடுவிப்பவர் பெயர் இல்லாததால் விலக்கப்பட்ட கோப்புகள் நிரந்தரமாகத் தங்கிவிடுவது சகஜம்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒரு பயிற்சி: 200 நாளுக்கு முந்தைய ஒரு நாளைக் கண்ணை மூடிக்கொண்டு தேர்ந்தெடுங்கள். ஃபயர்வால் லாக்கிலிருந்து ஒரு வரி எடுங்கள். அதிலிருந்து கணினி, அதிலிருந்து ஆள் என்று போய்ச் சேர எவ்வளவு நேரம் ஆகிறது என்று குறியுங்கள். மறையாக்கச் சாவி எங்கே என்று தேடுவதிலேயே பாதி நேரம் போகும், முதல் முறை.

---

வட்டு_நிறைந்தது:

கடைசியாக ஒன்று. எல்லாச் சர்வரும் உள்ளூர் நேரத்தில் எழுதுகின்றன. அப்படியே விடலாமா?

---

டெயில்_எஃப்:

விடாதீங்க, சேமிப்பு முழுக்க யுடிசி (உலகப் பொது நேரம்). பழைய சிஸ்லாக் வடிவத்துல வருஷமும் இல்ல, நேர மண்டலமும் இல்ல. ஆர்சிஸ்லாக் அனுப்புறப்ப ஆர்எஃப்சி 5424 (புது லாக் வடிவத் தரநிலை) வடிவ டெம்ப்ளேட்டுக்கு மாத்துங்க, ரெண்டும் வந்துடும். அதோட லாக் சர்வர் வாங்குன நேரத்தையும், வரிக்குள்ள இருக்கிற ஹோஸ்ட் பேரை நம்பாம நிஜமா அனுப்புன ஐபியையும் தனியா பதிங்க. ரெண்டு நேரத்துக்கும் வித்தியாசம் 5 விநாடிக்கு மேல போனா ஒண்ணு அந்த சர்வர் கடிகாரம் ஓடிருச்சு, இல்ல கியூ தேங்குது. க்ரோனிக்கு (கடிகாரத்தைச் சரியா வைக்கிற புரோகிராம்) நாலு நேர மூலம் கொடுங்க. ரெண்டே ரெண்டு இருந்து ஒண்ணு தப்பாச் சொன்னா, எது தப்புன்னு அதுக்குத் தெரியாது.

அப்புறம் ஒவ்வொரு சர்வர்லயும் 5 நிமிஷத்துக்கு ஒரு துடிப்பு வரி (உயிரோட இருக்கேன்னு சொல்ற வரி) அனுப்புற டைமர் வச்சுடுங்க. 15 நிமிஷம் துடிப்பு வரலன்னா அலர்ட். சொத்துப் பட்டியல்ல இருக்கிற சர்வர் பேரையும் துடிப்பு வர்ற பேரையும் வாரம் ஒருமுறை ஒப்பிடுங்க. ஒருதடவைகூட லாக் அனுப்பாத சர்வர் அந்தப் பட்டியல்லதான் மாட்டும், அலர்ட்ல மாட்டாது.

---

வட்டு_நிறைந்தது:

டிஎச்சிபி கோப்புகளை இன்று முதல் தினமும் இழுக்க வைத்துவிட்டேன். கியூ சோதனை முடிந்ததும் எண்களோடு வருகிறேன்.